வரவும் செலவும் போதுமென்ற மனதும்

(மருத்துவமனையின் ஆண்டு ஸ்தோத்திரக் கூட்டத்தில், ஓய்வுபெற்ற காசாளர் ஒருவர் நன்கொடையாளர்கள் மத்தியில் பேசியதன் எழுத்து வடிவம்)



"போதுமென்ற மனதைப்பற்றி அரைமணி நேரம் பேசுங்கள்" என்று கமிட்டியார் கேட்டுக்கொண்டபோது எனக்குச் சற்றுத் தயக்கமாயிருந்தது. நான் போதகர் அல்ல. வேதாகமக் கல்லூரியின் வாசற்படியை மிதித்தவனும் அல்ல. இந்த மருத்துவமனையில் பணம் கட்டும் ஜன்னலுக்கு உட்புறம் உட்கார்ந்து ரசீது எழுதியே காலத்தைக் கழித்தவன். ஆகவே எனக்குத் தெரிந்த கணக்கு பாஷையிலேதான் பேசப்போகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்போஸ்தலனாகிய பவுல் பிலிப்பியருக்கு எழுதின நிருபத்தை நாம் சந்தோஷத்தின் நிருபம் என்று சொல்லுவோம். ஞாயிறு பள்ளியிலும் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள். ஆனால் காசாளனுடைய கண்ணுக்கு அது வேறொன்றாகவும் தெரிகிறது. அது நன்கொடைக்கு எழுதின ஒரு ரசீது. நான்காம் அதிகாரத்தை வீட்டுக்குப் போனதும் நிதானமாக வாசித்துப் பாருங்கள். தமக்கு எல்லாம் வந்து சேர்ந்தது என்று பவுல் எழுதுகிற இடத்தில் மூலபாஷையாகிய கிரேக்கில் இருக்கிற சொல், அந்நாளைய வியாபாரிகள் முழுத்தொகையும் பெற்றுக்கொண்டதற்கு அடையாளமாக ரசீதில் எழுதின அதே சொல் என்று அறிஞர்கள் சொல்லுகிறார்கள். அதற்குச் சற்று முன்னால், கொடுக்கல் வாங்கலில் உங்களைத் தவிர வேறு எந்தச் சபையும் என்னோடு சேரவில்லை என்கிறார். அதுவும் கணக்குப் புத்தகத்துச் சொல்தான். தெசலோனிக்கேயாவில் இருந்தபோதும் ஒன்றுக்கு மேற்பட்ட தடவை அனுப்பினீர்களே என்று பழைய வரவுகளைக்கூட ஞாபகமாகக் குறித்துவைக்கிறார். எனக்கு இந்த மனிதரைப் பிடித்துப்போவதற்கு இது ஒன்றே போதும்.

அவர் எங்கேயிருந்து எழுதுகிறார்? காவலில் இருந்து. அந்தக் காலத்தில் காவலில் அடைத்தவனுக்குச் சர்க்கார் மூன்று வேளையும் சாப்பாடு போடுகிற வழக்கம் கிடையாது. பெரும்பாலும் உறவினரும் நண்பரும் கொண்டுவந்து கொடுத்ததைத்தான் சாப்பிட வேண்டும். நம்முடைய வார்டு வராந்தாவில் டிபன் கேரியரோடு காத்திருக்கிற சொந்தக்காரர்களை நினைத்துக்கொள்ளுங்கள். அப்படி ஒருவராகத்தான் எப்பாப்பிரோதீத்து பிலிப்பி பட்டணத்துச் சபையார் கொடுத்ததை எடுத்துக்கொண்டு வந்தார். வந்த இடத்தில் அவரே வியாதிப்பட்டு மரணத்தருவாய் வரைக்கும் போய்ப் பிழைத்தார். அதையும் இரண்டாம் அதிகாரத்தில் பவுல் மறவாமல் எழுதியிருக்கிறார்.

இப்படிப்பட்ட ரசீதுக்கு நடுவில்தான் தாம் எந்த நிலைமையிலும் மனநிறைவாயிருக்கக் கற்றுக்கொண்டதாகப் பவுல் சொல்லுகிறார். நம் தமிழ் வேதாகமம் அங்கே 'மனரம்மியம்' என்கிற அழகான சொல்லைப் போட்டிருக்கிறது. கிரேக்கில் அவர் எழுதின சொல், ஸ்தோயிக்கர் என்ற ஞானிகள் பெருமையாகப் பேசின சொல். எனக்கு யாரும் வேண்டாம், எதுவும் வேண்டாம், நானே எனக்குப் போதும் என்பது அவர்கள் கொடுத்த அர்த்தம். பவுல் அந்தச் சொல்லை எடுத்துக்கொண்டார், அர்த்தத்தை மாற்றிவிட்டார். அவருக்கு மனிதர் வேண்டும். பிலிப்பியர் அனுப்பினது வேண்டும். அதை வாங்கிக்கொள்ளுகிறார், சந்தோஷப்படுகிறார், ரசீதும் எழுதுகிறார். வராமல் போயிருந்தாலும் கிறிஸ்து தம்மைத் தாங்கியிருப்பார் என்பதையும் அறிந்திருக்கிறார். உதவி வாங்குவதும் போதுமென்ற மனதும் ஒன்றுக்கொன்று விரோதமல்ல. நம்மில் சில பெரியவர்கள் பிள்ளைகளிடத்தில்கூட ஒரு மாத்திரைக்குக் கேட்கமாட்டார்கள். அதை விசுவாசம் என்று நினைத்துக்கொள்ளுகிறார்கள். அது ஸ்தோயிக்கருடைய விசுவாசம்.

'கற்றுக்கொண்டேன்' என்ற வார்த்தையைக் கவனியுங்கள். சுபாவத்திலே சிலர் அமைதியானவர்கள், கொடுத்துவைத்தவர்கள் என்று நாம் சொல்லிவிடுகிறோம். பவுல் அப்படிச் சொல்லவில்லை. பள்ளிக்கூடத்தில் பாடம் படிப்பதுபோலப் படித்ததாகச் சொல்லுகிறார். அந்தப் பாடம் ஒன்றல்ல, இரண்டு. தாழ்விலே இருப்பது ஒன்று; நிறைவிலே இருப்பது மற்றொன்று. முதல் பாடத்தைப்பற்றி ஆயிரம் பிரசங்கம் கேட்டிருக்கிறோம். இரண்டாவது பாடத்தைப்பற்றி நான் கேட்ட பிரசங்கங்களை எண்ணுவதற்கு ஒரு கை விரல்களே போதும்.

முதல் பாடத்தைப்பற்றி எனக்கு ஒரு மனபாரம் உண்டு. அதை இங்கே இறக்கிவைத்துவிடுகிறேன்.

பணம் கட்டும் ஜன்னலில் உட்கார்ந்திருப்பவனுக்கு முகங்களைவிடக் கைகள்தான் அதிகமாகத் தெரியும். முந்தானை முடிச்சை அவிழ்க்கிற கை. வேர்வையில் நனைந்த நோட்டுகளை ஒவ்வொன்றாக விரித்து வைக்கிற கை. கம்மலைக் கழற்றிக் காகிதத்தில் மடித்து, "ஐயா, இதை வைத்துக்கொண்டு அவரை வீட்டுக்கு அனுப்புங்கள்" என்று நீட்டின கை. அப்படிப்பட்ட ஒரு அம்மாளிடத்தில், பார்க்க வந்த பெரியவர் ஒருவர், "உள்ளது போதும் என்று இருக்கவேண்டும், தாயே" என்று புத்தி சொன்னதை நான் ஜன்னலுக்கு இந்தப் பக்கத்திலிருந்து கேட்டேன். அந்த அம்மாள் பதில் பேசவில்லை. அவளிடத்தில் உள்ளது எது? போதும் என்று சொல்வதற்கு முதலில் ஏதாவது இருக்கவேண்டாமா? பசித்திருக்கிறவனுக்கும் வஸ்திரமில்லாதவனுக்கும் வாயினால் மட்டும் வாழ்த்துச் சொல்லி அனுப்புகிறவனைப்பற்றி யாக்கோபு என்ன கேட்கிறார் என்று உங்களுக்குத் தெரியும். போதுமென்ற மனது எனக்கு நானே சொல்லிக்கொள்ளவேண்டிய பிரசங்கம். மற்றவனுடைய வெறும் தட்டைப் பார்த்து அதைச் சொல்ல எனக்கு உரிமையில்லை.

வேதத்தில் கூலியைப்பற்றிப் போதும் என்று இருக்கும்படி சொல்லப்பட்டவர்கள் யார் தெரியுமா? லூக்கா மூன்றாம் அதிகாரத்தில் யோவான் ஸ்நானன் அதைப் போர்ச்சேவகரைப் பார்த்துச் சொல்லுகிறார். கையில் பட்டயம் உள்ளவர்கள். மிரட்டிப் பிடுங்கக்கூடியவர்கள். அவர்களிடம்தான் சம்பளத்தோடு நில்லுங்கள் என்கிறார். இதை எடுத்து, கையில் ஒன்றுமில்லாத கூலிக்காரனிடத்தில் நீட்டுவது வசனத்தைத் தலைகீழாகப் பிடிக்கிறதாகும். கூலிக்காரருக்குக் கொடாமல் பிடித்துவைத்த கூலியே கூக்குரலிடுகிறது என்று யாக்கோபு ஐந்தாம் அதிகாரம் சொல்லுகிறது.

இதை ஏன் இங்கே சொல்லுகிறேன் என்றால், மிஷன் மருத்துவமனைகளுக்கு இதில் ஒரு சோதனை உண்டு. இரவு பகல் பாராமல் உழைக்கிற நர்ஸ் பிள்ளைகளும், வார்டைக் கழுவித் துடைக்கிற தாய்மார்களும் சம்பளத்தைப்பற்றி வாய் திறந்தால், "இது ஊழியம் அல்லவா" என்று சொல்லி வாயை அடைத்துவிடுவது மிகவும் சுலபம். ஊழியம்தான். ஆனால் ஊழியம் என்கிற சொல்லைக் காட்டிக் கூலியைக் குறைக்கிறதற்கு ஆண்டவர் யாருக்கும் அனுமதி கொடுக்கவில்லை. நம்முடைய காணிக்கைகள் நோயாளிகளுக்கு மட்டுமல்ல, அவர்களைத் தூக்கித் திருப்பிப் படுக்கவைக்கிற கைகளுக்கும் போய்ச் சேருகிறதா என்று நீங்கள் கமிட்டியாரைக் கேட்கலாம். கேட்கவேண்டும். தலைவர் ஐயா என்னைப் பார்க்கிறார். பரவாயில்லை, எனக்கு ஓய்வூதியம் வந்துவிட்டது. (சிரிப்பு)

சரி, இரண்டாவது பாடத்துக்கு வருவோம். நிறைவிலே இருக்கப் படிப்பது.

இங்கே உட்கார்ந்திருக்கிற நம்மில் கோடீஸ்வரர் யாரும் இருப்பதாகத் தெரியவில்லை. ஆசிரியர்கள், ரயில்வேயில் வேலைசெய்தவர்கள், கடைவைத்திருக்கிறவர்கள், ஓய்வூதியம் வாங்குகிறவர்கள். ஆனாலும் நம் தாத்தா பாட்டி காலத்தோடு ஒப்பிட்டால் நாம் நிறைவில் இருக்கிறவர்கள். அவர்கள் கிறிஸ்துமசுக்கு ஒரு புதுத்துணி எடுத்தார்கள். நம் வீட்டு அலமாரி மூட முடியாமல் இருக்கிறது. அப்படியிருந்தும் 'கொஞ்சம் இறுக்கமாயிருக்கிறது' என்றுதான் எல்லாரும் சொல்லுகிறோம். வருமானம் ஏறும்போதெல்லாம் தேவையும் கூடவே படியேறுகிறது. ஒரு படிகூடப் பின்தங்குகிறதில்லை.

இதை ஒரு மனிதர் கணக்குப்போட்டே நிறுத்தினார். ஜான் வெஸ்லி. 1703-ல் பிறந்தவர், 1791-ல் மரித்தவர், மெதடிஸ்டு இயக்கத்தின் தகப்பன். ஏறக்குறையச் சாகும்வரைக்கும் தம் கைப்பட வரவு செலவு எழுதினவர். அவர் தம்முடைய முதிர்வயதில் ஒரு பிரசங்கத்தில், ஆக்ஸ்போர்டில் இருந்த ஒரு வாலிபனைப்பற்றிச் சொல்லுகிறார். அந்த வாலிபன் அவரேதான் என்று பலரும் கருதுகிறார்கள். முதல் வருஷம் அவனுக்கு வருமானம் 30 பவுண்டு. 28 பவுண்டில் வாழ்ந்து 2 பவுண்டைத் தர்மம் செய்தான். அடுத்த வருஷம் வருமானம் 60. செலவு அதே 28, கொடுத்தது 32. மூன்றாம் வருஷம் 90 வந்தது, 62 கொடுத்தான். நான்காம் வருஷம் 120; கொடுத்தது 92. வரவுப் பக்கம் நாலு மடங்கு ஏறினது. செலவுப் பக்கத்தில் ஒரே எண் அசையாமல் நிற்கிறது. நான் எத்தனையோ பேரேடுகளைப் பார்த்தவன். இப்படி ஒரு பக்கத்தை நான் கண்டதில்லை.

இதிலே அந்த வாலிபன் செய்தது என்ன? போதும் என்கிற எண்ணை வருமானம் வருவதற்கு முன்னாலேயே எழுதிவிட்டான். பணம் கைக்கு வந்தபின் உட்கார்ந்து, எது போதும் என்று யோசித்தால், கைக்கு வந்த அத்தனையும்தான் போதும் என்று மனது சொல்லும். சில சமயம் அதுவும் போதாது என்று சொல்லும்.

1776-ல் வரி அதிகாரிகள், வெஸ்லியிடத்தில் கணக்குக் காட்டாத வெள்ளிப் பாத்திரங்கள் இருக்கவேண்டுமென்று சந்தேகப்பட்டுக் கடிதம் எழுதினார்கள். அவ்வளவு பெயர்பெற்றவர் வீட்டில் வெள்ளித்தட்டு இல்லாமலா இருக்கும் என்ற நினைப்பு. லண்டனில் இரண்டு வெள்ளிக் கரண்டிகளும் பிரிஸ்டலில் இரண்டும் இருக்கின்றன, சுற்றிலும் இத்தனை பேருக்கு அப்பமில்லாதிருக்கையில் இதற்குமேல் வாங்கப்போவதில்லை என்ற பொருளில் அவர் பதில் எழுதினார். அந்த நான்கு கரண்டிகளை நான் அடிக்கடி நினைத்துக்கொள்ளுவேன். ஒன்றுமே வைத்துக்கொள்ளக்கூடாது என்று அவர் பிடிவாதம் பிடிக்கவில்லை. நான்கு வைத்துக்கொண்டார். அங்கே ஒரு கோடு போட்டார். அதே மனிதர்தான் 1746-ல் லண்டனில் ஏழைகளுக்கு இலவச மருந்து கொடுக்கிற சாலையைத் தொடங்கினார். மறுவருஷத்தில் டாக்டருக்குக் கொடுக்க வழியில்லாதவர்களுக்காகக் கைமருத்துவப் புத்தகமும் வெளியிட்டார். கரண்டியில் போட்ட கோட்டுக்கும் மருந்துச் சாலைக்கும் தொடர்பு இருக்கிறது.

ஒன்றைச் சொல்லாமல் போனால் நியாயமாகாது. ஆக்ஸ்போர்டு வாலிபன் தனிக்கட்டை. மூன்று பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடக் கட்டணம் கட்டி, வயதான தாயாருக்கு இரத்த அழுத்த மாத்திரை வாங்குகிற தகப்பனிடத்தில் 28 பவுண்டு கதையைச் சொல்லிவிட்டு நான் பாட்டுக்குப் போய்விட முடியாது. ஒவ்வொரு வீட்டுக்கும் எண் வேறு. சேமிப்பு அவிசுவாசம் என்று போதிக்கிறவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. கையில் கொஞ்சம் சேமித்து வைத்திருந்த குடும்பத்தையும், ஒன்றுமில்லாமல் கந்துவட்டிக்காரனிடத்தில் ஓடின குடும்பத்தையும் அதே ஜன்னலில் பார்த்திருக்கிறேன். எறும்பினிடத்தில் போய்ப் படி என்று நீதிமொழிகள் சொல்லுகிறதே. வனாந்தரத்தில் மன்னாவைப் பேராசையாய் மறுநாளுக்கு ஒளித்துவைத்தபோது புழுத்துப்போனது. ஓய்வுநாளுக்கென்று சொல்லியிருந்தபடி வைத்தது கெடவில்லை. இரண்டும் யாத்திராகமம் பதினாறில் ஒரே அதிகாரத்தில் இருக்கிறது.

இன்னொரு போதனையும் இந்நாட்களில் வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டது. தொலைக்காட்சியிலும் கைப்பேசியிலும் பார்க்கிறோம். விசுவாசித்தால் கார் வரும், காணிக்கை போட்டால் நூறு மடங்காகத் திரும்பும் என்கிறார்கள். அதைக் கேட்கும்போது ஏலச்சீட்டு விளம்பரம் கேட்கிறதுபோல் இருக்கிறது. பவுல் தம் ரசீதில் பிலிப்பியருக்கு நூறு மடங்கு வாக்குக்கொடுக்கவில்லை. குறைவை நிறைவாக்குகிற தேவனைக் காட்டினார். குறைவு நிறைவாகிறது வேறு, ஆசை நிறைவேறுகிறது வேறு. அந்தப் பிலிப்பி ஊர் இருந்த மக்கெதோனியா நாட்டுச் சபைகள் கொடிய தரித்திரத்தில் இருந்துகொண்டே கொடுத்தன என்று கொரிந்தியருக்கு எழுதின இரண்டாம் நிருபம் எட்டாம் அதிகாரம் சொல்லுகிறது. கொடுத்தபின் பணக்காரராகிவிட்டார்கள் என்று எங்கும் எழுதியிருக்கவில்லை.

வெஸ்லி தூரதேசத்தார், பழங்காலத்தார் என்று யாராவது நினைக்கலாம். நம் மண்ணிலே திருப்பத்தூருக்குப் போவோம். இப்போது அது தனி மாவட்டம். அந்நாளில் வட ஆற்காடு. அங்கே 1921-ல் இரண்டு டாக்டர்கள் கிறிஸ்துகுல ஆசிரமத்தை ஆரம்பித்தார்கள். ஒருவர் நம் தமிழர், டாக்டர் சவரிராயன் இயேசுதாசன். மற்றவர் ஸ்காட்லாந்து தேசத்தார், டாக்டர் எர்னஸ்ட் ஃபாரஸ்டர் பேட்டன். பிரிட்டனில் இருந்த நாட்களில் நண்பர்களானவர்கள். ஃபாரஸ்டர் பேட்டனுடைய குடும்பம் அலோவா என்ற ஊரில் கம்பளி நூல் ஆலை நடத்தின செல்வக் குடும்பம். அவர் விரும்பியிருந்தால் எந்த வசதியிலும் இருந்திருக்கலாம். கதர் உடுத்தி, எளிய சாப்பாடு சாப்பிட்டு, விவாகம் செய்யாமல், கிராமத்து ஏழைகளுக்கு வைத்தியம் பார்த்தார். ஜனங்கள் இயேசுதாசனைப் பெரியண்ணன் என்றும் அவரைச் சின்னண்ணன் என்றும் கூப்பிட்டார்கள். வெள்ளைக்காரத் துரை தனி பங்களாவில், இந்திய ஊழியர் தனி வரிசையில் என்று இருந்த காலத்தில், ஒரே பந்தியில் தமிழ் டாக்டர் பெரியண்ணன், துரை தம்பி! 1932-ல் சென்னைத் தெருவில் கதர் உடையில் நின்ற சின்னண்ணனைப் போலீசார் அடித்தார்கள். பிரிட்டிஷ் பாராளுமன்றத்திலேயே அதைப்பற்றிக் கேள்வி எழும்பினது. எளிய உடைக்கும் ஒரு விலை கொடுக்கவேண்டியிருந்தது.

பெரியண்ணனையும் சின்னண்ணனையும் நான் ஏன் சேர்த்துச் சொல்லுகிறேன்? எளிமையைத் தெரிந்துகொண்ட பணக்காரரைப் புகழ்வது சுலபம். ஆனால் அவர் தனியாக எளிமையாயிருக்கவில்லை. எந்த ஜனங்களுக்கு வைத்தியம் பார்த்தாரோ அவர்களுக்குப் பக்கத்தில், தம் தமிழ் அண்ணனுக்குக் கீழே உட்கார்ந்து எளிமையாயிருந்தார். வெஸ்லியின் கரண்டிக் கணக்கைவிட இது கடினம் என்பது என் அபிப்பிராயம். பணத்தை விடலாம். பெரியவன் என்கிற இடத்தை விடுவதற்குக் கை வராது. நம் அறுப்பின் பண்டிகை ஏலத்தில் பாருங்கள். இருபது ரூபாய் பூசணிக்காயை இரண்டாயிரத்துக்கு எடுக்கிறோம். ஆண்டவருக்குக் கொடுக்கிறோம் என்ற சந்தோஷம் உண்மைதான். எதிர்வரிசைக்காரர் ஆயிரத்துத் தொள்ளாயிரத்தில் நின்றுவிட்டார் என்ற சந்தோஷமும் அதில் கொஞ்சம் கலந்திருக்கிறது அல்லவா?

கடைசியாக உங்கள் காணிக்கையைப்பற்றி. பணவிடைத்தாளின் அடியில், "சிறிய தொகை, மன்னிக்கவும்" என்று எழுதி அனுப்பினவர்கள் அநேகர். இப்போது கைப்பேசியில் அனுப்புகிறவர்களும் அதே வார்த்தையைத் தட்டி அனுப்புகிறார்களாம். தயவுசெய்து அப்படி எழுதாதிருங்கள். ஒருவனிடத்தில் இல்லாததின்படி அல்ல, இருக்கிறதின்படியே காணிக்கை அங்கீகரிக்கப்படுகிறது என்று அதே எட்டாம் அதிகாரத்தில் பவுல் தெளிவாக்கிவிட்டார். ஆனால் இதற்கு மறுபக்கமும் உண்டு. இரண்டு காசு போட்ட ஏழை விதவையைப்பற்றி மாற்கு பன்னிரண்டில் வாசிக்கிறோம். அதற்கு முந்தின வசனங்களில்தான், விதவைகளின் வீடுகளை விழுங்குகிறவர்களை ஆண்டவர் கடிந்துகொள்ளுகிறார். ஆகவே உங்களில் யாராவது தங்கள் சர்க்கரை மாத்திரைக்கு வைத்திருக்கிற பணத்தை எங்களுக்கு அனுப்புகிறீர்களானால், வேண்டாம். மாத்திரையை வாங்கிச் சாப்பிடுங்கள். எங்களுக்காக ஜெபியுங்கள். அதற்கும் ரசீது உண்டு, எங்கள் புத்தகத்தில் அல்ல.

அனுப்ப முடிந்தவர்கள் அனுப்புகிறது எங்கே போகிறது என்று கேட்டீர்களானால், பெரிய ஆபரேஷனுக்கு இந்நாளில் முதலமைச்சர் காப்பீட்டு அட்டை அநேகருக்குக் கைகொடுக்கிறது, அதற்காக ஸ்தோத்திரம். ஆனால் அட்டையில் வராதது ஒன்று உண்டு. கூட இருக்கிற மனைவியின் சாப்பாடு. பத்து நாள் கூலிக்குப் போகாததால் வீட்டில் அடுப்பெரியாதது. தையல் பிரிக்க மறுபடி வருவதற்குப் பஸ் கட்டணம். அது இல்லாததினாலே வராமலிருந்து, புண் சீழ்பிடித்தபின் வந்தவர்களை நம் டாக்டர்மார் அறிவார்கள். ஏழை நோயாளர் நிதி என்று நாம் பெயர்வைத்திருக்கிறதில் பெரும்பாலும் இப்படிப்பட்ட சின்னச் சின்னச் செலவுகள்தான் எழுதப்பட்டிருக்கும். நூறு ரூபாய், இருநூறு ரூபாய். பேரேட்டைப் பார்க்க விரும்புகிறவர்கள் இன்று மாலை ஐந்து மணிவரை அலுவலகத்தில் பார்க்கலாம். என் இடத்தில் இப்போதிருக்கிற தம்பி காட்டுவார். அவர் கையெழுத்து என் கையெழுத்தைவிட நன்றாயிருக்கும்.

மத்தியான சாப்பாடு ஆயத்தமாயிருப்பதாகச் சீட்டு வந்திருக்கிறது. எலுமிச்சம்பழச் சாதமும் துவையலும்தான் என்று சமையற்கட்டிலே சொன்னார்கள். நோயாளிகளுடைய உறவினர் சிலரும் நம்மோடு பந்தியில் உட்காருவார்கள். அவர்களுக்கு முதலில் இடம்விட்டு உட்காரும்படி கேட்டுக்கொள்ளுகிறேன்.